மரக்காணம் பக்கம் நெட் சரிபண்ணப் போனபோது

நெட் ஓடுகிறவரைக்கும் எங்களை யாருக்கும் ஞாபகம் இருக்காது. நின்றுபோனால் எங்களைத் திட்டாத வாய் இருக்காது. "ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க சார்" என்று சொல்லிச் சொல்லியே தொண்டை வறண்டுபோன சக தோழர்களே, உங்களுக்கு நான் புதிதாக எதையும் சொல்லிவிடப் போவதில்லை. மரக்காணம் உப்பளத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு இன்டர்நெட் கொடுக்கும் ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. கம்பம் ஏறிக் கேபிள் இழுப்பது டேவிட் அண்ணன். வீட்டுக்குள் போய் ரவுட்டரில் எண்களைச் சரிபண்ணுவது நான். வண்டி அவருடையது, பின்சீட் என்னுடையது.

ஒரு வீடு, இரண்டு ரவுட்டர்

கிளியனூரில் ஒரு வீட்டிலிருந்து போன் மேல் போன். "நெட் வருது, போவுது, வருது, போவுது." போய்ப் பார்த்தால் நடுக்கூடத்தில் ஒரு புதுச் சுவர், இன்னும் பூச்சுகூடப் பூசவில்லை. அப்பா செத்த பிறகு அண்ணனும் தம்பியும் வீட்டைப் பிரித்துக்கொண்டார்கள். பேச்சுவார்த்தை கிடையாது. அம்மா அழுததற்காக நெட் ஒயரை மட்டும் பொதுவாக வைத்துக்கொள்ள ஒத்துக்கொண்டார்களாம். எங்கள் ரவுட்டர் அண்ணன் பக்கம். தம்பி தானாக ஒரு ரவுட்டர் வாங்கி, சுவரில் ஓட்டை போட்டு, ஒயரை இழுத்து மாட்டியிருந்தார்.

கோளாறு இதுதான். நெட்வொர்க்கில் இருக்கிற ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் வேண்டும். அதுதான் ஐ.பி. முகவரி. புள்ளி வைத்த நாலு எண்கள். வீடுகளில் பெரும்பாலும் முதல் மூன்றும் தெருப்பெயர் மாதிரி, கடைசி எண் கதவு நம்பர் மாதிரி. இந்த இரண்டு ரவுட்டருமே கடையிலிருந்து வரும்போதே 192.168.1.1 என்ற ஒரே எண்ணோடு வந்தவை. ஒரே தெருவில் ஒரே கதவு நம்பரில் இரண்டு வீடு இருந்தால் போஸ்ட்மேன் என்ன செய்வார்? தம்பியுடையதை 192.168.2.1 என்று மாற்றி, ஒயரையும் சரியான துளையில் செருகினேன். இரண்டு பக்கமும் நெட் ஓட ஆரம்பித்தது.

அந்த அம்மா வந்து, "இன்னாப்பா பண்ணே?" என்று கேட்டார்கள். "ரெண்டும் ஒரே நம்பர்ல இருந்ததும்மா, அதான் சண்டை. இப்ப தனித்தனியா பிரிச்சிட்டேன்" என்றேன். அவர்கள் பூசாத செங்கல்லைத் தடவிப் பார்த்தபடி சொன்னார்கள்: "பிரிச்சிட்டா சண்டை நின்னுடும்னு எங்கிட்டயும் இப்படித்தாம்பா சொன்னாங்க."

பன்னும் பரிசோதனை ரிப்போர்ட்டும்

வானூர் போகிற வழியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். பின்கட்டில் இருக்கிற லேப் கம்ப்யூட்டரிலிருந்து டாக்டர் கம்ப்யூட்டருக்கு ரிப்போர்ட் போகவில்லை. லேப் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் ஏழுமலை. உப்பளத்தில் உப்பு வாருகிறவர். பக்கத்தில் அவர் மனைவி சாந்தி. காலை வெறும் வயிற்றோடு டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தவர், அதற்கப்புறமும் ஒன்றும் சாப்பிடவில்லை.

"இன்னா தம்பி, நீங்கதான் மெக்கானிக்கா? சீக்கிரம் பாருங்க. ரிப்போர்ட் பார்த்துட்டா நாங்க பஸ் புடிச்சிடுவோம்" என்றார் ஏழுமலை. சாந்தி சிரித்தார். "இவருக்குப் பாத்தியில தண்ணி விட்டுட்டு வந்துட்டோமேன்னு கவலை. என்னைப் பத்தி இல்ல."

லேப் கம்ப்யூட்டரை யாரோ புதிதாக மாற்றியிருந்தார்கள். அதன் எண் 192.168.5.140. டாக்டருடையது 192.168.5.20. இரண்டும் ஒரே தெருதான். ஆனால் ஐ.பி. எண்ணோடு கூடவே சப்நெட் மாஸ்க் என்று இன்னொன்று எழுத வேண்டும். தெரு எதுவரைக்கும் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். 255.255.255.0 என்று போட்டால் முழுத் தெருவும் ஒன்று. 255.255.255.128 என்று போட்டால் தெரு நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாகிவிடும். 127 வரைக்கும் ஒரு துண்டு, 128லிருந்து இன்னொரு துண்டு. லேப்பில் .128 என்று போட்டு வைத்திருந்தார்கள். அதன் கணக்கில் டாக்டர் வேறு தெருக்காரர். அங்கே போக வழிகாட்ட வேண்டிய ரவுட்டரும் டாக்டர் இருக்கிற துண்டிலேயே மாட்டிக்கொண்டதால், ரிப்போர்ட்டுக்குப் போக வழியே இல்லை.

நான் கண்டுபிடிப்பதற்குள் ஏழுமலை வெளியே போய் மனைவிக்கு டீயும் பன்னும் வாங்கி வந்திருந்தார். சாந்தி பன்னைப் பிய்த்து டீயில் தோய்த்துக்கொண்டிருந்தார். நான் ஒரே ஓர் எண்ணை மாற்றினேன். தேங்கிக் கிடந்த ரிப்போர்ட்டுகள் எல்லாம் மடமடவென்று டாக்டர் அறைக்குப் போயின. எனக்கு ஒரே சந்தோஷம். "போயிடுச்சுங்க!" என்று ஏழுமலையைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினேன். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் வந்து அவரை மட்டும் தனியாகக் கூப்பிட்டார். திரும்பி வந்தவர் பெஞ்சில் உட்காரவில்லை. சாந்தி, "இன்னாவாம்?" என்று கேட்டுக்கொண்டே பன்னைக் கீழே வைத்தார். "பெரியாஸ்பத்திரிக்குப் போகச் சொல்றாங்க" என்று மட்டும் சொன்னார் ஏழுமலை.

நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வாசல் வரைக்கும் வந்தார். என் மேல் கோபமில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் அவருக்கு. "கொஞ்ச நேரம் கழிச்சி சரி பண்ணியிருக்கலாமே தம்பி, அவ அந்தப் பன்னைத் தின்னு முடிச்சிருப்பா."

கோவிந்தம்மா வைஃபை

உப்பளத்துக்காரர் குடியிருப்பு ஓரத்தில் கோவிந்தம்மா டீக்கடை. மழை மாதங்களில் பாத்தியில் வேலை இருக்காது. ஆட்கள் கடைக்கு வந்து உட்காரட்டும் என்று வைஃபை போட்டார். பாஸ்வேர்டை கரியால் சுவரிலேயே எழுதி வைத்துவிட்டார். யாரோ ஒரு பயல் அந்த வைஃபையில் உட்கார்ந்து பொய்ப்பெயரில் ஒரு பெண்ணின் போட்டோவுக்குக் கீழே அசிங்கமாக எழுதிவிட்டான். அந்தப் பெண் காலேஜுக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். போலீஸ் எண்ணைத் தேடிக்கொண்டு வந்தது கோவிந்தம்மாவிடம்.

ஸ்டேஷனில் நான்தான் விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. கடைக்குள் ஆளுக்கொரு எண் உண்டு. ஆனால் அது கடைக்குள் மட்டும் செல்லும். வெளியே போகும்போது ரவுட்டர் எல்லாருக்கும் ஒரே எண்ணைத்தான் போட்டு அனுப்பும். வெளியூர்க்காரன் கண்ணுக்கு மொத்தக் கடையும் ஒரே ஆள். உள்ளே யார் எழுதினது என்று அந்த ரவுட்டர் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. "அப்ப யாருன்னு சொல்ல முடியாதா?" என்றார் ஏட்டு. முடியவில்லை. கோவிந்தம்மாவை அனுப்பிவிட்டார்கள். அவர் நேராக அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனார், கதவைத் திறக்கவில்லையாம்.

மறுநாள் ரவுட்டரைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து டேவிட் அண்ணன் கையில் கொடுத்தார். "ஏம்மா, நீங்க இன்னா தப்பு பண்ணீங்க?" என்றார் அண்ணன். கோவிந்தம்மா சொன்னார்: "வைஃபையில எல்லாரும் பங்கு போட்டுக்கிட்டாங்க, அவமானத்துல பங்குக்கு ஒருத்தரும் வரலப்பா."

திரையில் டேவிட்

இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பார்த்தேன். முடியவில்லை.

டேவிட் அண்ணன் உப்பளத்து ஓரக் கம்பத்தில் ஏறியிருந்தபோது கம்பம் அடியோடு முறிந்தது. வெளியே பெயின்ட் நன்றாகத்தான் இருந்தது. மண்ணுக்குள் இருந்த பாகத்தை உப்பு தின்றுவிட்டிருந்தது. நான் பக்கத்து வீட்டுக்குள் ரவுட்டரோடு இருந்தேன். சத்தம் கேட்டு ஓடி வந்தபோது அவருக்குப் பேச்சில்லை. ஆஸ்பத்திரி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதன் பிறகு நான் பஸ்ஸில்தான் வேலைக்குப் போகிறேன்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகு ஒருநாள் ஆபீசில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். எங்கள் வைஃபையில் யார் யார் இருக்கிறார்கள் என்ற பட்டியல் திரையில் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று அதில் 'டேவிட்' என்ற பெயர் பச்சையாக வந்து நின்றது. அவருடைய பழைய எண்ணோடு. நான் எழுந்தே நின்றுவிட்டேன். ஒரு நொடி, "இன்னாப்பா, கெளம்பலாமா?" என்ற குரலுக்காகக் காத்திருந்தேன் என்றே நினைக்கிறேன். படியேறி வந்தவர் எஸ்தர் அக்கா, அவர் மனைவி. கையில் அண்ணனுடைய போன்.

போனில் இருக்கும் போட்டோக்களை பென்டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி வந்திருந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னா தம்பி?" என்றார். திரையைக் காட்டினேன். வைஃபைக்கு வருகிற ஒவ்வொரு போனுக்கும் ரவுட்டர் ஓர் எண்ணை வாடகைக்குக் கொடுக்கும், அதே போன் திரும்பி வந்தால் கூடுமானவரைக்கும் பழைய எண்ணையே கொடுக்கும் என்று சொன்னேன். அவர் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே இந்த போன் இங்க வராதே தம்பி. அப்ப இந்த நம்பரு?"

"கெடு முடிஞ்சிடுங்கக்கா. அப்புறம் வேற யாருக்காவது கொடுத்துடும். வேணும்னா அண்ணன் பேருலயே யாருக்கும் கொடுக்காம நிறுத்தி வைக்கலாம். வெக்கட்டுமா?"

அக்கா போனை முந்தானையால் துடைத்து என்னிடம் நீட்டினார். "வேணாம் தம்பி, வூட்ல அவரு எடம் காலியாத்தான் கெடக்குது, இங்கயாச்சும் யாருன்னா வந்து ஒக்காரட்டும்."

எந்த மெஷின் எந்த மெஷினோடு பேசாமல் இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிபண்ணத்தான் தோழர்களே நமக்குச் சம்பளம். மற்றதற்கெல்லாம், கொடுத்த டீயைக் குடித்துவிட்டு "சரிங்க, வர்றேங்க" என்று சொல்லிக் கிளம்புவதைத் தவிர நமக்கு வேறு எந்த டிரெயினிங்கும் கொடுக்கப்படவில்லை.