பத்தொன்பதாவது வரி

போரில் வடக்கே போகும் பாதை மூடிக் கிடந்த வருஷம். கொழும்பில், வெள்ளவத்தையில் அறை, கொள்ளுப்பிட்டியில் ஒரு நிவாரண அலுவலகத்தில் வேலை. கப்பலில் யாழ்ப்பாணம் போகும் பால்மாவுக்கு நான்தான் பட்டியல் அடிப்பேன். எக்செல் தாளில் வரிக்கு ஓர் அகதி முகாம். C நிரலில் அந்த முகாமுக்கு எத்தனை பைக்கற் என்ற எண். மேலே தனிக் கட்டத்தில் மொத்தம். களஞ்சியத்தில் அந்த மொத்தத்தைப் பார்த்துத்தான் ஏற்றுவார்கள். அந்தக் கட்டத்தில் C2 முதல் C18 வரை கூட்டச் சொல்லியிருந்தேன். கணினி எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்ற திமிரும் கொஞ்சம் இருந்தது.

கப்பலுக்கு முதல் நாள் இன்னொரு முகாமின் விவரம் வந்தது. என் அக்காவும் அவளுடைய பதினோரு மாதக் குழந்தையும் இருந்த முகாம். அகரவரிசைப்படி அது நடுவில் வரவேண்டும். சொந்த ஆட்களை முன்னுக்குத் தள்ளுகிறாள் என்று ஒருவரும் சொல்லிவிடக் கூடாதே! பட்டியலின் அடியில், பத்தொன்பதாவது வரியில் போட்டேன். என்ன நேர்மை!

நடுவில் வரியைச் செருகியிருந்தால் சூத்திரம் தானாக நீண்டு அதையும் சேர்த்திருக்கும். அடியில் போட்டால் சேர்க்காது. C18 வரை என்றால் C18 உடன் நின்றுவிடும். மொத்தம் இருந்த கட்டத்தின் மூலையில் ஏதோ பிழை என்று எச்சரிக்கும் சின்னப் பச்சை முக்கோணம் ஒன்று தெரிந்தது. எதற்கெடுத்தாலும் வருவதுதானே என்று விட்டுவிட்டேன்.

கப்பல் போய்ச் சேர்ந்த பிறகு அக்கா அலுவலகத்துக்கு அழைத்தாள்.

"எங்கட முகாமுக்கு வர முதலே பால்மா முடிஞ்சு போச்சு பிள்ளை. லிஸ்ற்றில நாங்கள்தான் கடைசியாம். ஏத்தினதே எல்லாருக்கும் காணாதாம்."

"குழந்தைக்கு?"

"கஞ்சித்தண்ணி குடுக்கிறன். துப்புறான். அழுதழுது குரலும் அடைச்சுப் போச்சு."

தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு தாளைத் திறந்து, மொத்தத்தின் மேல் அழுத்தினேன். C2 முதல் C18 வரை. என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த கப்பல் எப்போது என்று அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது.

"நீ அங்க இருக்கிறாய், பாத்துச் செய்வாய் எண்டு இஞ்ச எல்லாருக்கும் சொல்லி வச்சிருந்தனான்," என்றாள் அக்கா. "இது உனக்குத் தெரியாமத்தானே பிள்ளை நடந்திருக்கும்?"

"ஓம் அக்கா," என்றேன்.