மேளம் நிற்கக் கூடாது

எதிர்வீட்டுக்காரர் புதிதாக வாங்கிய காரைக் காட்டக் கூப்பிட்டார். கதவைத் திறந்ததும் ரெக்சினும் பசையும் கலந்த வாடை. "கிளட்சே கிடையாது சார், தானே கியர் மாத்திக்கும்" என்றார், நேற்றுதான் உலகம் அதைக் கண்டுபிடித்ததைப் போல. உட்கார்ந்து வலது காலை பிரேக்கின் மேல் வைத்தேன். கால் தானாக விறைத்துக்கொண்டது.

தொண்ணூறுகளின் நடுவில் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். முதலாளியிடம் கூரை மடங்கும் பழைய அமெரிக்கக் கார் ஒன்று இருந்தது; அதற்கும் கிளட்ச் கிடையாது. முகூர்த்தப் பட்டு எங்கள் கடையில் எடுத்தால் மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் இலவசம். அதன் ரிப்பேர் புத்தகத்தை முழுதாகப் படித்தவன் நான் ஒருவனே என்பதால், ஓட்டும் வேலையும் என் தலையில் விழுந்தது. எதற்கும் தேதி குறித்துவைக்கிற எனக்கு, நான் சொல்லப்போகும் நாள் ஆவணியா ஐப்பசியா என்பது இன்றும் தெரியவில்லை. தெரு ஈரமாக இருந்தது. ஐப்பசி என்றே வைத்துக்கொள்வோம்.

பிள்ளையார்பாளையத்தில் அழைப்பு. காருக்கு முன்னால் நாதஸ்வரம், தவில், சுற்றிலும் பிள்ளைகள். முக்குக்கு முக்கு நின்று வாசிப்பார்கள். நான் நியூட்ரலில் காத்திருப்பேன். முதல் முக்கில் மறுபடி கியர் போட்டதும் கார் முட்டவரும் மாடு மாதிரி ஒரு குதி குதித்தது. மாப்பிள்ளையின் மாலை மூக்குவரை ஏறியது. அடுத்த முக்கில் பம்பர் தவில்காரரின் வேட்டியைத் தொட்டது. அவர் திரும்பி, "இன்னாபா, தாளம் சமத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே உன் வண்டி வந்து இடிக்குது" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிரேக் கல்லாக இறுகியிருந்தது.

என்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுப்பை வைத்துத்தான் அந்தக் காரின் கியர்பெட்டி தன் அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். பிரேக்குக்கும் அதே இழுப்புதான் துணை. ஏதாவது ஒரு ரப்பர் குழாய் வெடித்தால் இரண்டும் கெடும். கண்டுபிடிக்கும் வழியும் புத்தகத்தில் இருந்தது: அமைதியான இடத்தில் என்ஜினை ஓடவிட்டு, 'உஸ்' என்ற சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்கவும்.

பெண்ணின் தாய்மாமனிடம் ஒரு நிமிஷம் மேளத்தை நிறுத்தச் சொன்னேன்.

"மாப்பிள்ள ஏறி ஒக்காந்துக்கினு இருக்கசொல்ல மேளம் நிக்கறதா? வாயக் கழுவுபா."

தள்ளிக்கொண்டு போகலாமே என்றேன். மாப்பிள்ளையைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள் என்று ஊர் பேசும் என்றார். வேண்டாத சத்தம் எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்காகவே வாசிக்கிற மேளம்; அதற்குள் நான் தேடிய சத்தம் மட்டும் எப்படிக் கேட்கும்?

காது உதவாதென்றால் கண். பானெட்டைத் திறந்து, என் அங்கவஸ்திரத்தின் ஓரத்திலிருந்து ஒரு பட்டிழையை உருவி, ஓடும் என்ஜினில் குழாய் குழாயாகப் பிடித்துக்கொண்டே போனேன். ஃபேன் காற்றில் படபடத்த இழை, பின்பக்கம் கியர்பெட்டிக்கு இறங்கும் குழாயின் முனையில் சட்டென்று ஒட்டிக்கொண்டது. அங்கே வெடிப்பு. என்ஜினை அணைத்து, தாம்பூலத் தட்டிலிருந்த பாக்குவெட்டியால் அந்த முனையை நறுக்கி, நல்ல பாகத்தை இழுத்துச் சொருகினேன். மறுபடி கிளப்பியபோது என்ஜினின் பதற்றம் அடங்கியிருந்தது. பிரேக்கும் இளகியது.

ஆனாலும் அது புத்தகம் படித்தவனின் ரிப்பேர். கியர் போட்டால்தான் தெரியும். முன்னால் இருப்பவர்களை ஒதுங்கச் சொன்னேன். பிள்ளைகள் ஒதுங்கினார்கள். தவில்காரர் நகரவில்லை.

"பாத்துட்ட இல்ல?"

"பாத்துட்டேண்ணே. இருந்தாலும்..."

"அப்புறம் இன்னா, வா."

முதுகைக் காட்டிக்கொண்டு வாசிக்கத் தொடங்கிவிட்டார். அவ்வளவு பயந்து நான் எந்தக் கியரையும் போட்டதில்லை. உள்ளே மெல்ல ஏதோ பிடித்தது. கார் அவர் நடைக்கு இணங்கி, ஒரு சாண் பின்னால், ஊர்ந்தது. மண்டபம் வரும்வரை அந்த முதுகைத் தவிர வேறெதையும் நான் பார்க்கவில்லை.

அந்தக் கார் எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அழைப்பும் இப்போதெல்லாம் மண்டப வாசலில் தொடங்கி மேடைப் படியில் முடிகிறது. மேளக்காரர்கள் ஓரமாக, மைக்குக்கு முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறார்கள். அவர்கள் முதுகுக்குப் பின்னால் சுவர் இருக்கிறது.