பக்கத்துக் கதிரைக்காரர்

போன ஞாயிறு என்னைத் தாய்மாமனாக உட்கார வைத்தார்கள்.

வெள்ளவத்தையில் அக்காவின் பிளாட். அவள் மகளுக்கு, என் மருமகளுக்கு, வரன் வந்திருந்தது. மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரித்துச் சொல்வது தாய்மாமன் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு ஊர் சுற்றக் கிளம்பிய எனக்கு யார் இதற்குமுன் பொறுப்புத் தந்தார்கள்?

அக்கா போனில் போட்டோவைக் காட்டினாள். மாப்பிள்ளைப் பெடியன் பொரளையில் பிசியோதெரபிஸ்ட். மருமகளுக்கும் விருப்பம். பக்கத்தில் நின்ற தகப்பன்... சிவராசா அண்ணை!

கொட்டாஞ்சேனை புக்கியில், அந்த ரேஸ் பந்தயக் கடையில், அவர் உட்காருவது எனக்குப் பக்கத்துக் கதிரையில். டீவியில் இங்கிலாந்துக் குதிரைகள் ஓடும். நாங்கள் பந்தயம் கட்டுவோம். எங்கள் செல்லம் கிரே ஹார்பர். சின்ன வயதில் குறுந்தூரத்தில் ஓடிக் கடைசியாக வந்த சாம்பல் குதிரை. இரண்டு மைல் ரேஸில் விட்ட பிறகுதான் அது யாரென்று தெரிந்தது. எல்லாரும் களைக்கும் இடத்தில் அது ஓடத் தொடங்கும். ஓய்வு பெற்றதும் இனவிருத்திக்கு விட்டார்கள். பணக்காரர்கள் திரும்பிப் பார்க்கவில்லை — மெதுவான தகப்பனுக்கு மெதுவான குட்டிதானே பிறக்கும் என்று. தடை தாண்டும் ரேஸுக்குக் குட்டி வேண்டியவர்கள்தான் அதை வாங்கிப் போனார்கள். அங்கே அதன் குட்டிகள் வென்றன.

“தகப்பனைப் பார்த்துப் பிள்ளையை நிறுக்கிறாங்கள், மடையங்கள்” என்பார் அண்ணை. நானும் தலையாட்டுவேன்.

“தெரிஞ்ச ஆக்களோ?” என்றாள் அக்கா.

ரேஸை விட்டுவிட்டேன் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். தெரியும் என்றால் எப்படித் தெரியும் என்பாளே! ஒன்றுமே தெரியாது என்றால் தாய்மாமன் எதற்கு?

“தகப்பன் ரேஸ்காரனாம்.”

“ஆர் சொன்னது?”

“ஆரோ கதைச்சவை.”

மருமகள் எழுந்து அறைக்குள் போனாள். கலியாணப் பேச்சு அதோடு நின்றது.

நேற்று புக்கியில் கிரே ஹார்பரின் மகன் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணை டீவியைப் பார்க்கவில்லை.

“மகன்ர கலியாணம் குழம்பிப் போச்சு தம்பி. நான் ரேஸ்காரன் எண்டு பொம்பிளையின்ர தாய்மாமன் சொல்லிப்போட்டானாம். அவனில பிழையில்லை. பெடியனைக் கெடுத்தது நான்தான். இனி இஞ்ச வரமாட்டன்.”

ஊர் ஊராகப் பட்டினி கிடந்திருக்கிறேன். அப்போதெல்லாம் இப்படிக் கூசியதில்லை.

“அண்ணை... அந்தத் தாய்மாமன் நான்தான்.”

கையிலிருந்த ரேஸ் தாளை என் கையில் வைத்தார்.

“அப்ப விசாரிச்சுச் சொல்லேல்லை. பக்கத்தில இருந்து பார்த்தே சொல்லியிருக்கிறாய்.”

அடித்திருக்கலாம் அவர். அங்கேயே அக்காவுக்குப் போன் எடுத்தேன்.

“எங்க நிக்கிறாய்? ஒரே சத்தமாக் கிடக்கு.”

“புக்கியில. அந்தத் தகப்பனுக்குப் பக்கத்தில. எப்பவும் இதுதான் என்ர இடம். நல்ல மனுசன் அக்கா. பெடியனை அவர்தான் படிப்பிச்சவர்.”

மறுமுனையில் அக்கா மருமகளைக் கூப்பிடுவது கேட்டது. பிறகு, “போனை அவரிட்டைக் குடு.”

அண்ணை எழுந்து நின்று, “ஓம் தங்கச்சி... ஓம்” என்று கதைத்தார். நான் ரேஸ் தாளால் முகத்தை மறைத்துக்கொண்டேன்.

தாளில் ஒவ்வொரு குதிரையின் பெயருக்கும் கீழே தகப்பன் பெயர், தாய் பெயர் போட்டிருந்தது. தாய்மாமன் பெயரில்லை. கொடுத்து வைத்தவை!