வலி நின்ற காலை

எழுபதுகளில் நாங்கள் பிள்ளைப்பாக்கத்தில் இருந்தபோது, என் மனைவி மேரி இரண்டு நாளாக வயிற்று வலியில் சுருண்டு கிடந்தாள்.

"குடல் ஏறிக்கினு கீது," என்று நானே முடிவுகட்டி, விளக்கெண்ணெய் தடவி வயிற்றை அழுத்தி நீவினேன்.

கொஞ்ச நேரத்தில், "இப்ப வலி இல்லீங்க," என்றாள்.

என் கைராசி என்று பக்கத்து வீட்டில் பெருமையடித்தேன்.

மதியம் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகையாக இறுகியது. பஸ் பிடித்துக் காஞ்சிபுரம் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம்.

"வலி எப்ப நின்னுச்சு?" என்று டாக்டர் கேட்டார்.

"காலையில நான் நீவிவிட்டதும் நின்னுபோச்சு சார்."

அவர் முகம் மாறியது. "நிக்கலய்யா, குடல்வால் வெடிச்சிருக்கு. வெடிச்சா கொஞ்ச நேரம் வலி தெரியாது."

ஆபரேஷன் முடியும்வரை என் கையில் எண்ணெய் வாசனை போகவில்லை.

மேரி பிழைத்துவிட்டாள். இன்றும் அவள் "வலி இல்லீங்க" என்றால்தான் நான் பஸ்ஸுக்குச் சில்லறை தேடுகிறேன்.