மாங்காய்க் கவர் மேல் இரண்டு குருவிகள்

காதலர் தினத்துக்கு வாழ்த்து அட்டை செய்து விற்றவள் நான். அதனாலேயே அந்த நாள்மீது எனக்குத் துளியும் மரியாதை கிடையாது. திருப்பதி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த ஒரு பரிசுப்பொருள் கடைக்கு அட்டைகள் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஜனவரி முடியும்போதே கடைக்காரர் வாசலில் இதய பலூன்களைத் தொங்கவிட்டுவிடுவார். மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய குடும்பங்கள் தெருவில் போய்க்கொண்டிருக்கும். நம் காதலர்கள் கடைக்குள் நுழைவார்கள். பெரும்பாலும் ஆண்கள், பெரும்பாலும் கடைசி நாளில். அட்டையைத் திறந்துகூடப் பார்க்காமல் இதைவிடப் பெரியது இல்லையா என்பார்கள். ஒரே மாதிரி அட்டை இரண்டு கேட்டு வாங்கிப்போன புண்ணியவானையும் பார்த்திருக்கிறேன். இந்த லட்சணத்தில் அன்பு, இதயம், கண்றாவி.

நான் செய்தது குவில்லிங் அட்டைகள். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தபோது, ஹாஸ்டல் அறையில் போனைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. காகிதத்தை அரிசி அகலத்துக்கு நீள நீளமாக வெட்டிக்கொள்ள வேண்டும். ஊசியின் காதை நுனியில் நறுக்கிவிட்டு, அந்தப் பிளவில் காகிதத்தின் முனையைச் செருகிச் சுற்ற வேண்டும். சுற்றியதைக் கொஞ்சம் தளரவிட்டு ஒரு பக்கம் கிள்ளினால் இலை, இரண்டு பக்கமும் கிள்ளினால் கண். பல்குத்தும் குச்சியில் ஒரு சொட்டுப் பசை தொட்டு, அதை அட்டையில் விளிம்பு மேலாக நிற்க வைத்து ஒட்ட வேண்டும். படுத்துவிட்டால் போச்சு.

மின்விசிறி போட்டால் காகிதமெல்லாம் பறந்துவிடும். எங்கள் ஊர் நாராயணவனத்துக்குப் பக்கம். அங்கே மதிய வெயிலில் மின்விசிறியை அணைத்துவிட்டு உட்கார்ந்தால் வீட்டில் யார் சும்மா இருப்பார்கள்? எனக்கு மாப்பிள்ளை பார்க்க வேண்டும் என்று கம்பெனி வேலையை விடவைத்து வீட்டுக்குக் கூட்டிவந்தவர்களே அவர்கள்தான்.

"பேனக் கூடப் போட வுடாம இன்னாத்தடி சுருட்டிக்கினு கீற?" என்று அம்மா துடைப்பத்தோடு வருவாள். நான் உலரவைத்திருக்கும் பூவையும் இலையையும் சேர்த்துத்தான் பெருக்குவாள்.

நைனா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி, "பீடி சுத்தினாக்கூட நாலு பேரு மதிப்பான்" என்பார். அதற்குமேல் அதைப் பற்றி அவருக்குச் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை.

அந்த வருடம் ஒரு கிளையில் இரண்டு குருவிகள் உட்கார்ந்திருக்கும்படி ஓர் அட்டை செய்தேன். குருவிகள் முடிந்துவிட்டன. கிளைக்குப் பழுப்புக் காகிதம் தீர்ந்துவிட்டது. திருப்பதிக்குப் போய் வர மனமில்லாமல் பரணைப் பார்த்தேன். நைனா குத்தகைக்கு எடுத்த மாந்தோப்பில், காய் கறுக்காமல் இருக்க ஒவ்வொரு காய்க்கும் ஒரு காகிதக் கவர் மாட்டிக் கட்டுவார். போன பருவத்தில் மிஞ்சிய கவர்கள் கட்டாகக் கிடந்தன. வெளியே பழுப்பு, உள்ளே கறுப்பு. அதை வெட்டிச் சுற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு சுருளுக்குள்ளும் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. உண்மையான மரப்பட்டை தோற்றது. நான் செய்ததிலேயே நல்லது அதுதான் என்று எனக்கே தெரிந்தது. கடையில் கொடுக்கும்போது கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.

அதற்குள் தை மாதத்தில் எனக்கு நிச்சயதார்த்தம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை சித்தூர்க்காரர், திருப்பதியில் ஒரு பைனான்ஸ் ஆபீசில் வேலை. பெண் என்ன செய்கிறாள் என்று அவர்கள் கேட்டபோது, "வூட்லதான் கீது, சும்மா" என்றாள் அம்மா. காகிதம் சுருட்டுகிறாள், கடை கடையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறாள் என்று சொன்னால் சம்பந்தம் தட்டிப்போகும் என்பது அவள் பயம். என்னிடமும் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருந்தாள். எனக்கும் சொல்லிக்கொள்ள அவசரமில்லை. தினமும் காலையில் ரோஜாப்பூப் படம் போட்டு 'குட் மார்னிங் டியர்' அனுப்பும் மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

பிப்ரவரி பதினாலாம் தேதி அவர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். கூலிங் கிளாஸ், மைசூர்பாகு, கூடவே வண்ணக் காகிதம் சுற்றிய ஒரு பொட்டலம். அம்மா வடைச் சட்டியை அடுப்பில் வைத்தாள். நைனா சட்டை மாட்டிக்கொண்டார். எல்லாரும் பார்க்க நான் பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளே என் குருவிகள் இரண்டும் கிளையில் உட்கார்ந்திருந்தன.

"நானே பண்ணது. ராத்திரியெல்லாம் கண் முழிச்சிப் பண்ணேன்" என்றார்.

அட்டையைத் திருப்பினேன். கடைக்காரர் ஒட்டும் சீட்டைச் சுரண்டி எடுத்த இடத்தில் பிசுபிசுப்பு இருந்தது. அதைச் சரியாகச் சுரண்டக்கூட ஆளுக்குப் பொறுமையில்லை.

"எப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டேன். உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசையாக இருந்தது.

"போன்ல பாத்துதான். கத்திரிக்கோல்ல ரவுண்டு ரவுண்டா வெட்டி ஒட்டணும். விரல் பூரா காயம்" என்று விரலைக் காட்டினார். விரல் கொழுகொழுவென்று நன்றாகத்தான் இருந்தது.

"இந்தக் கிளைக்குப் பேப்பரு?"

"அது இம்போர்ட்டட். பெங்களூர்லருந்து வரவெச்சேன்."

நைனா அதை வாங்கிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். வருடா வருடம் ஏணியில் ஏறி அந்தக் கவர்களைக் கட்டுகிறவர். "பெங்களூரா? அதான் அப்டிக் கீது" என்றார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். ஆனால் அடுப்படியில் அம்மா அக்கம்பக்கத்தாரிடம், "எம் மாப்ள கையாலயே பண்ணிகினு வந்துகீறாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெருமை. எந்தக் குப்பையைத் துடைப்பத்தால் தள்ளினாளோ அதே குப்பை. எங்கள் பக்கம் சுபகாரியக் காகிதம் எது வந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமிப் படத்துக்கு முன்னால் வைப்பார்கள். கல்யாணப் பத்திரிகை, நிலப் பட்டா, எல்லாவற்றுக்கும் அந்த மரியாதை உண்டு. என் அட்டைக்கும் மஞ்சள் தடவி, வெங்கடாசலபதி படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். வெள்ளிக்கிழமை நைனா கற்பூரம் காட்டும்போது குருவிகளுக்கும் சேர்த்துக் காட்டினார். நான் பின்னால் நின்று பார்த்தேன். சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

மாப்பிள்ளை கடையில் வாங்கியது எனக்குக் குற்றமாகப் படவில்லை. வாங்குகிறவர்கள் இல்லாவிட்டால் எனக்கு ஏது வேலை? கடையில் வாங்கினேன், நன்றாக இருந்தது என்று சொல்லியிருந்தால் நானே சிரித்துக்கொண்டு உண்மையைச் சொல்லியிருப்பேன். நான் செய்தது இவருக்குப் பிடித்திருக்கிறதே என்று அவர்மேல் கொஞ்சம் ஆசைகூட வந்திருக்கலாம். நான் வியர்த்து வழிந்து உட்கார்ந்த மதியங்களை எடுத்துத் தன் ராத்திரிகளாகச் சொல்லிக்கொண்டாரே, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. இந்த மனிதரோடு குடித்தனம் நடத்தினால் இனி நான் செய்வதெல்லாம் இப்படித்தானே அவர் கணக்கில் போகும்? பத்திரிகை அடித்துவிட்டால் பிறகு வாயைத் திறந்து பயனில்லை. அதற்குள் எனக்கு ஒரு முடிவு தெரிய வேண்டியிருந்தது. அவருக்குக் கொஞ்சமாவது கூச்சம் இருக்கிறதா என்று பார்க்க நினைத்தேன்.

பரணிலிருந்து இன்னும் இரண்டு கவர்களை எடுத்தேன். அதே குருவிகள், அதே கிளை, அதே அளவு. அம்மா குனிந்து பார்த்தாள். முதல் தடவையாக அவள் கையில் துடைப்பம் இல்லை.

"மாப்ளையப் பாத்து நீயும் பண்றியா? பண்ணு பண்ணு. ஆனா அவுரு பண்ண மாரி வராது."

நான் ஊசியைக் கொஞ்சம் அழுத்திப் பிடித்தேன்.

கல்யாணப் பத்திரிகைக்கு மாடல் பார்க்க அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் குடும்பமாக வந்தார்கள். அவருடைய அம்மா, சாமி படத்துக்குப் பக்கத்தில் இருந்த அட்டையைப் பார்த்து, "எங்க பையனுக்குச் சின்ன வயசுலருந்தே கை சும்மா இருக்காது" என்றார். நான் உள்ளே போய் என் அட்டையைக் கொண்டுவந்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன்.

"நீங்க குடுத்ததுக்குப் பதிலு."

அவர் பிரித்தார். இரண்டு குருவிகளையும் பார்த்தார், கிளையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அட, நீயும் அந்தக் கடையிலதான் வாங்கினியா?"

தான் என்ன சொன்னோம் என்று புரிய அவருக்குத்தான் எல்லாரையும்விட நேரம் பிடித்தது.

"வாங்கல. நான் பண்ணேன். இதுவும் நான் பண்ணதுதான், அதுவும் நான் பண்ணதுதான்" என்று சாமி படத்துப் பக்கம் கையைக் காட்டினேன்.

அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். கூச்சம் வருகிறதா என்று நானும் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா? சும்மாவே கெடச்சிருக்கும். கடைக்காரனுக்குத் தண்டம் அழுதேன்" என்றார்.

எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னேன். சத்தம் போடாமல், எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன். அவருடைய அம்மா, ஆம்பளைப் பிள்ளை ஆசையில் ஒரு பொய் சொன்னால் குடியா முழுகிவிடும் என்றார். என் அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய், "ஒரு காயிதத்துக்காவா? ஒரு காயிதத்துக்காவா இப்டிப் பண்ற?" என்று கேட்டாள். அன்று காலையில் அவளே அந்தக் காயிதத்துக்கு ஒரு முழம் மல்லிகை சாத்தியிருந்தாள். நான் வெளியே வந்து அதையேதான் திரும்பவும் சொன்னேன். அவர்கள் மாடல் பத்திரிகைகளை அள்ளிக்கொண்டு கிளம்பிப் போனார்கள். நான் கொடுத்த அட்டையை அவர் மறக்காமல் எடுத்துக்கொண்டார். சும்மா கிடைத்ததல்லவா.

சாயங்காலம் விளக்கேற்றும் நேரத்துக்கு நைனா சாமி படத்துக்கு முன்னால் வந்து நின்றார். அட்டையை எடுத்தார். மல்லிகையைக் கழற்றிப் படத்துக்கே திரும்பப் போட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிளையை உற்றுப் பார்த்து, ஒரு சுருளை நகத்தால் நெம்பிப் பார்த்தார். கறுப்புக் கோடு தெரிந்தது.

நான் வாசற்படியில் இருந்தேன். அப்போதாவது ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். காத்திருந்ததை மறைக்க விரும்பவில்லை.

"நம்ம மாங்கா கவரா இது?" என்றார். "இதுக்குப் போயா கற்பூரம் காட்டிக்கினு இருந்தேன்."

அட்டையை என்னிடம் நீட்டிவிட்டு, கற்பூரத்தைக் கொளுத்தப் போனார்.