கரிசல் மேல் நின்ற மோட்டார்

முதலில் நினைவுக்கு வருவது ஒரு தீப்பெட்டி. கோவில்பட்டியில் யார் சட்டைப்பையிலும் இருக்கக்கூடிய சாதாரணத் தீப்பெட்டிதான். ஃபோர்மேன் அண்ணாச்சி அதை என் மேசை மேல் வைத்து, ஒற்றை விரலால் உள்பெட்டியைத் தள்ளித் திறந்தார். உள்ளே குச்சிகள் இல்லை. கண்மையைப் போலக் கறுத்த, விரலில் பட்டால் எளிதில் போகாத மெல்லிய தூள் இருந்தது. "உங்க ரப்பர்தான் மேடம். நாலு மாசத்துல இப்படி ஆயிட்டு" என்றார். குரலில் கோபமும் இல்லை, ஏளனமும் இல்லை. அதனாலேயே எனக்கு அதிகமாகச் சுட்டது.

பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது. நான் அப்போது கோவில்பட்டியில் ஒரு சிறிய பட்டறையில் வடிவமைப்பு வேலையில் இருந்தேன். நாங்கள் செய்தது கப்ளிங். மோட்டாரின் தண்டும், அது சுழற்ற வேண்டிய இயந்திரத்தின் தண்டும் எதிரெதிரே நிற்கும். இரண்டையும் கோத்துப் பிடிப்பதுதான் கப்ளிங். இரண்டு இரும்பு வட்டுகள். ஒன்றில் எஃகு முளைகள், மற்றதில் அவை போய் உட்காரும் ஓட்டைகள். முளைகளைச் சுற்றி ரப்பர் வளையங்கள். காகிதத்தில் இரண்டு தண்டுகளையும் ஒரே கோட்டில் வரைந்துவிடலாம். தரையில் அவை ஒருநாளும் அப்படி நிற்பதில்லை, மயிரிழையாவது விலகித்தான் இருக்கும். அந்த விலகலை ரப்பர் நெளிந்து கொடுத்து வாங்கிக்கொள்ளும். எவ்வளவு விலகலை, எத்தனை காலம், என்ன சூட்டில் வாங்கிக்கொள்ளும் என்று கணக்கிடுவது என் வேலை. யாருடைய உதவியும் இல்லாமல் நான் முழுதாக வடிவமைத்த முதல் கப்ளிங் அது. அதே மாதிரியை வேறு ஐந்து ஆலைகளுக்கும் கொடுத்திருந்தோம்.

ஃபோர்மேன் அண்ணாச்சி கழுகுமலை சாலையில் இருந்த ஒரு நூற்பாலையின் பராமரிப்புப் பொறுப்பாளர். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆடு மேய்க்கிற வீட்டிலிருந்து ஐ.டி.ஐ. படித்து வந்தவர். ஓடுகிற இயந்திரத்தின் அருகே போனால் முதலில் அதன் மூடி மேல் உள்ளங்கையை வைப்பார். காய்ச்சல்கார நெற்றியைத் தொட்டுப் பார்ப்பதுபோல இருக்கும். அதிகம் பேசமாட்டார். பதிவேட்டில் அவர் எழுதினால் அது சரியாகத்தான் இருக்கும் என்று எங்கள் பட்டறையிலேயே சொல்வார்கள்.

அந்த ஆலையில் பஞ்சுத் தூசியை உறிஞ்சி வெளியே தள்ளும் ஒரு பெரிய ப்ளோயர் இருந்தது. ஐப்பசியில், தீபாவளி விடுமுறையோடு சேர்த்து ஒரு வாரம் ஆலையை நிறுத்தி, அதன் பழைய மோட்டாரை எடுத்துவிட்டுப் பெரிய மோட்டாராக மாற்றினார்கள். பழைய பவுண்டேஷன் மேல் புது மோட்டாருக்கு இடம் போதவில்லை. ப்ளோயர் பழைய இடத்திலேயே நிற்க, அதை ஒட்டி மோட்டாருக்கென்று தனியாக ஒரு கான்கிரீட் பவுண்டேஷன் போட்டார்கள். ஆலையில் அதைப் பெட்டு என்பார்கள். நடுவில் என் கப்ளிங். இரண்டு தண்டுகளையும் நேராக நிறுத்தும் வேலையை அண்ணாச்சி செய்தார். அளவுமானியின் முள் அசையாமல் நின்றதை நானும் பக்கத்தில் நின்று பார்த்தேன். வெளியே அடைமழை. ஆலையின் பின்னால் கரிசல் காடு கறுத்து ஊறிக் கிடந்தது.

மாசியில்தான் தீப்பெட்டி என் மேசைக்கு வந்தது. தூளைப் பார்த்ததும் ரப்பர் மிருதுவாகப் போய்விட்டது என்று நான் முடிவு கட்டினேன். கடினமான ரப்பரில் வேறு வளையங்கள் செய்து கொடுத்தேன். அண்ணாச்சி அதைக் கையில் வாங்கி அழுத்திப் பார்த்தார். ஏதோ சொல்ல வந்தவர்போல இருந்தது. பிறகு, "சரி மேடம், மாட்டுதேன்" என்று கிளம்பிவிட்டார்.

சித்திரையில் ஒருநாள் காலை பத்து மணி இருக்கும். ஆலையிலிருந்து போன் வந்தது. கப்ளிங்கின் முளை ஒன்று முறிந்து, மேலே மூடியிருந்த தகட்டைக் கிழித்துக்கொண்டு பறந்து சுவரில் பாய்ந்துவிட்டதாம். போய்ப் பார்த்தபோது சுவரில் காரை பெயர்ந்த குழி என் நெஞ்சு உயரத்தில் இருந்தது. அந்த நேரம் அங்கே கூட்டிக்கொண்டிருந்த பசுவந்தனைக்கார அக்கா, கழிவுப் பஞ்சை அள்ளக் குனிந்திருக்கிறார். முளை அவர் முதுகுக்கு மேலே போயிருக்கிறது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. வாசல்படியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் டம்ளரைப் பிடித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். தண்ணீர் புடவையில் சிந்திக்கொண்டே இருந்தது.

"நீங்கதான் இதைச் செஞ்சதா தாயி?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"நல்லாப் பாத்துச் செய்யுங்க" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

அதன் பிறகு வந்த பத்து நாட்களை நான் எப்படிக் கடந்தேன் என்று இன்றும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. பட்டறை முதலாளியிடம் சொல்லி, மற்ற ஐந்து ஆலைகளிலும் இயந்திரத்தை நிறுத்திப் பார்க்கச் செய்தேன். அங்கெல்லாம் ரப்பர் புதிதுபோலவே இருந்தது. எனக்கு அது ஆறுதலாக இல்லை. அவற்றுக்கு இன்னும் வேளை வரவில்லை என்றுதான் நினைத்தேன். முறிந்த முளையைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். முறிவு முகத்தில் வரிவரியாக மெல்லிய கோடுகள். ஒரே அடியில் முறிந்த இரும்பு அப்படி இருக்காது. ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்து வளைந்து களைத்து முறிந்திருக்கிறது. தண்டுகள் நேராக நிற்காவிட்டால்தான் அப்படி ஆகும். ஆனால் நேராக நின்றதை என் கண்ணால் பார்த்திருந்தேனே. அண்ணாச்சியின் பதிவேட்டைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. முளையின் பருமனில் நான்தான் தப்பு செய்திருக்கிறேன் என்று தீர்மானித்தேன். கணக்கில் தப்பு கண்ணில் படவில்லை. படாததற்கும் என்னையே நொந்துகொண்டேன். குற்றம் எங்கள் வடிவமைப்பில்தான் என்று ஆலைக்கு ஒரு கடிதம் எழுதி முதலாளியிடம் காட்டினேன். அவர் இரண்டு முறை படித்தார். "திங்கக்கிழமை அனுப்புவோம். அதுக்குள்ள இன்னொரு வாட்டி யோசிச்சுக்கோ" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி என் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன்னால் அவர் வீட்டுக்கு வந்ததே இல்லை. கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, "அந்த லெட்டரை அனுப்பிட்டியளா?" என்று கேட்டார். எங்கள் முதலாளி ஆலை மேனேஜரிடம் போனில் சொல்லியிருக்கிறார். அங்கிருந்து இவர் காதுக்குப் போயிருக்கிறது.

"நாளைக்கு அனுப்பணும் அண்ணாச்சி."

"அனுப்பாதிய."

உள்ளே வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன், கையில் வாங்கவில்லை; பக்கத்தில் வைத்தேன். தரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார்.

"பழைய பெட்டு ஆளு உசரம் தோண்டிப் போட்டது. அடியில சுக்காம்பாறையில உக்காந்திருக்கு. புதுசும் அப்படித்தான் போடணும்னு வரைபடத்துல இருந்துச்சு. தோண்டத் தோண்டத் தண்ணி ஊறுது. மழை விடல. ஒரு வாரந்தான் தந்திருக்காவ. முழங்கால் அளவு வந்ததும், போதும் கான்கிரீட்டைப் போடுன்னு கொத்தனார்கிட்ட நாந்தான் சொன்னேன். அடியில பூராவும் கரிசல் மண்ணு."

அவர் மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த மண்ணில் பிறந்த யாருக்கும் அது தெரியும். மழைக்கு ஊறி உப்பும். கோடையில் காய்ந்து சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். பாறை மேல் உட்கார்ந்த ப்ளோயர் அசையவில்லை. ஊறிய மண் மேல் உட்கார்ந்த மோட்டார், மழை விட்ட தை மாதத்திலிருந்து மண் காயக் காயக் கீழே இறங்கியிருக்கிறது. ஐப்பசியில் நேராக நின்ற தண்டுகள் சித்திரையில் நேராக நிற்கவில்லை. பதிவேடும் பொய்யில்லை, என் கணக்கும் பொய்யில்லை.

"எப்பத் தெரிஞ்சுது?" என்று கேட்டேன்.

"முளை முறிஞ்ச அன்னைக்கே. அந்த அக்கா சொல்லிச்சு, ரெண்டு பெட்டுக்கும் நடுவுல உள்ள இடுக்கு பெருசாயிட்டு, விளக்குமாத்துக் குச்சி உள்ள போய் ஒடியுதுன்னு. எல்லாரும் போன பெறகு அளந்து பாத்தேன். முள்ளு எங்கயோ போய் நிக்கி." உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார். "நான் ஆட்டுக்காரன் வீட்டுப் பிள்ளை. வெடிப்புல குட்டி காலு மாட்டிக்கிட்டுக் கத்தும், கையை விட்டு எடுத்துவிட்டிருக்கேன். இந்த மண்ணு என்ன செய்யும்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சுதான் போடச் சொன்னேன். பத்து நாளா வாயைத் தொறக்கல. வேலை போயிருமேன்னு பயம். ரெண்டு பொம்பளப் பிள்ளைய இருக்கு. இன்னைக்குக் காலையில, நீங்க உங்க மேல போட்டு எழுதிட்டியன்னு கேள்விப்பட்டேன். சோறு எறங்கல."

எனக்கு முதலில் வந்தது கோபம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தோளிலிருந்து மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல இருந்தது. அவர் முன்னால் மூச்சை இழுத்து விடவே கூச்சமாக இருந்தது. கோபம் அதற்குப் பிறகு வந்தது. "பத்து நாள் அண்ணாச்சி" என்றேன். அவர் தலை குனிந்துகொண்டார். அப்போதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. ரப்பர் தூளாகி வந்தபோதே, தண்டுகளை மறுபடியும் அளந்து பாருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அதற்குப் பதிலாகக் கடினமான ரப்பரைக் கொடுத்தேன். மிருதுவான ரப்பர் தேய்ந்து தேய்ந்தாவது விலகலை வாங்கிக்கொண்டிருந்தது. கடின ரப்பர் அதை அப்படியே முளை மேல் தள்ளிவிட்டது. முளையை முறித்ததில் எனக்கும் பங்கு உண்டு. இதை அவரிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீரை எடுத்துக் குடித்தார்.

மறுநாள் இருவரும் சேர்ந்தே ஆலை மேனேஜரிடம் போனோம். "நான் சொல்லுதேன், நீங்க நடுவுல பேசாதிய" என்று சொல்லிவிட்டுத்தான் அண்ணாச்சி உள்ளே நுழைந்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. அவர் முடித்ததும் நான் என் பங்கைச் சொன்னேன். மேனேஜர் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

"அந்த அம்மா குனியாம இருந்திருந்தா, இப்ப நாம மூணு பேரும் எங்க நின்னுக்கிட்டிருப்போம்?"

பேனாவை மேசையில் வைத்தார். பிறகு அவர், "ஒரு வாரம் போதாதுன்னு நீங்க அப்பவே என்கிட்ட சொல்லியிருக்கணும். சொல்லுற மாதிரி நானும் இருந்திருக்கணும்" என்றார். "இப்ப எத்தனை நாள் வேணும்? தேவையானதைக் கேளுங்க." அண்ணாச்சிக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வேலை போகவில்லை.

இம்முறை சுக்காம்பாறை தட்டும்வரை தோண்டினார்கள். மோட்டாரும் ப்ளோயரும் ஒரே இரும்புச் சட்டத்தின் மேல் உட்கார, அந்தச் சட்டம் ஒரே பவுண்டேஷனில் உட்கார்ந்தது. இனி இறங்கினாலும் இரண்டும் சேர்ந்தே இறங்கும். நான் கப்ளிங்கை மாற்றி வரைந்தேன். இரண்டு பக்கமும் ரப்பர், நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு ஓர் இணைப்புத் துண்டு. ஒரு தண்டு கொஞ்சம் தாழ்ந்தாலும் நடுத்துண்டு சாய்ந்து கொடுக்கும். ரப்பர் அதிகம் வருந்தாது. முளை முறிந்தாலும் துண்டு வெளியே பறக்காதபடி ஒரு வளையத் தடுப்பும், மேலே கனத்த தகட்டில் மூடியும் வைத்தேன். அந்தத் தடுப்பைத்தான் முதலில் வரைந்தேன், மற்றதெல்லாம் பிறகுதான்.

ஓட்டிப் பார்த்த அன்று யாரும் பக்கத்தில் வரக்கூடாது என்று சொல்லியிருந்தோம். பசுவந்தனை அக்கா மட்டும் வாசலில் வந்து நின்றார், போகச் சொல்லியும் நகரவில்லை. மோட்டார் கிளம்பியது. வேகம் கூடக் கூடச் சத்தம் ஒரே சீராக வந்து நின்றது. அண்ணாச்சி மூடி மேல் உள்ளங்கையை வைத்தார். எடுக்காமல் அப்படியே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஓடுது தங்கச்சி" என்றார். அதுவரை நான் அவருக்கு மேடம்தான்.

அக்கா வாசலிலிருந்தே கேட்டார்: "இனிமே நான் கூட்டலாமா?"

"நாளையிலேருந்து கூட்டுங்கக்கா. இன்னைக்கு நான் கூட்டுதேன்" என்றார் அண்ணாச்சி. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் போய் அக்காவின் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கிவந்து, ஓடுகிற ப்ளோயரைச் சுற்றி, சுவரோரம், மூடிக்குக் கீழே என்று ஓர் இடம் விடாமல் கூட்டினார். முளை பறந்த பாதையில் முதுகைக் காட்டிக் குனிந்து குனிந்து கூட்டினார். அக்கா முதலில் சிரித்தார். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் அங்கே கிடந்த மரப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பத்து நாளும் வராத அழுகை அப்போதுதான் வந்தது. அது துக்க அழுகை இல்லை.

இப்போது வடிவமைப்புப் பிரிவு என் பொறுப்பில் இருக்கிறது. கப்ளிங் கேட்டு யார் எழுதினாலும், மோட்டாரின் திறன், வேகம், தண்டின் பருமன் என்று நாங்கள் அனுப்பும் கேள்விகளோடு, இயந்திரம் எந்த மண் மேல் நிற்கிறது என்றும் கேட்கிறோம். வெளியூர்க்காரர்கள் சிலர் போன் செய்து, இது எதற்கு என்று விசாரிப்பார்கள். பொறுமையாகச் சொல்வேன். கேட்டுவிட்டு, பவுண்டேஷனைப் போய்ப் பார்த்தவர்கள் உண்டு.

ஆனால் அந்தக் காலத்தை நினைக்கும்போது மண்ணைவிட வேறொரு கேள்விதான் என்னைத் தொந்தரவு செய்யும். அன்று இடம் மாறியிருந்தால், நான் போய் அவர் வீட்டு வாசலில் நின்றிருப்பேனா? அவர் பேசாமல் இருந்திருந்தால் போதும், என் கடிதமே அவரைக் காப்பாற்றியிருக்கும். நின்றிருப்பேன் என்று உறுதியாகச் சொல்ல எனக்கு இன்றும் துணிவில்லை.

அண்ணாச்சி ஓய்வு பெற்று, ஓட்டப்பிடாரம் பக்கம் மூத்த மகள் வீட்டில் இருக்கிறார். இதை எழுதப்போகிறேன் என்று போன வாரம் போனில் சொன்னேன். பெயர் போடமாட்டேன் என்றேன். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று நினைத்தேன்.

"பேரைப் போட்டாலும் சரி, போடாட்டாலும் சரி தங்கச்சி. நான் வந்து சொன்னதை மட்டும் எழுதிட்டு, அந்தப் பத்து நாளை விட்டுறாதிய" என்றார்.

விடவில்லை அண்ணாச்சி.