செவில்லாத் தெருத் தோடம்பழம்

போன கிழமை ஒஸ்லோவின் எல்லிங்ஸ்ருட்டில் ஒரு மரக்கறிக் கடையில் தோடம்பழம் ஒன்றை எடுத்து, நகத்தால் தோலைக் கீறி மணந்து பார்த்தேன். கடைக்காரர் முறைத்தார். முறைக்கட்டும். நான் அதற்குள் ஸ்பெயினின் செவில்லாவுக்குப் போய்விட்டேன்.

படிக்கிற காலத்தில், குளிர்கால விடுமுறைக்கு, நானும் கார்த்திக்கும் போனோம். கார்த்திக் மதுரையிலிருந்து ஒஸ்லோவுக்கு மேற்படிப்புக்கு வந்தவன். நான் கதைப்பதை வானொலி நாடகம் என்பான். அவன் பேசுவதில் பாதி இங்கிலீஷ் என்பேன் நான்.

வரலாறு பார்க்கப் போன நாங்கள் அதிகம் பார்த்தது பூட்டிய சாப்பாட்டுக் கடைகளைத்தான். நோர்வேயில் வளர்ந்த வயிறு பின்னேரம் ஐந்து மணிக்கே இரவுச் சாப்பாடு கேட்கும். அந்த ஊரில் ஒன்பதுக்கு முன் அடுப்பே மூட்டமாட்டார்கள். பசியோடு பேராலயத்துக்குள் நுழைந்தோம். இந்தியாவைத் தேடிப் போய் வேறெங்கோ இறங்கிய கப்பல்காரனை அங்கே எவ்வளவு பெருமையாகக் கல்லறையில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? கனடா என்று வெளிக்கிட்டு ஒஸ்லோவில் இறங்கிய என் அப்பாவுக்கு ஒரு சின்னச் சிலைகூட இல்லை.

அம்மா கேட்டது மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி மட்டும். புற்றுநோய்க்கு மருந்தேற்றி மாதக்கணக்காகியும் அவருக்கு நாக்கில் ருசி திரும்பவில்லை. எதை வைத்தாலும் மண் மாதிரிக் கிடக்கு என்று தள்ளிவிடுவார். ஆள் பாதியாகிவிட்டார். இப்படியே சாப்பிடாமல் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். பேராலயத்தில் இருந்ததோ காசு போட்டால் எரிகிற மின்சார மெழுகுதிரி. அதை மாதா கணக்கில் எடுப்பாரோ என்ற சந்தேகத்தோடு வெளியே வந்தேன்.

தெருவெல்லாம் தோடை மரங்கள், கார்த்திக்கின் தமிழில் ஆரஞ்சு மரங்கள். பசி தாங்காமல் ஒரு பழத்தைப் பிடுங்கிக் கடித்தேன். உச்சந்தலை வரை கசந்தது. என் முகத்தைப் பார்த்து ஒரு கிழவி நடுத்தெருவில் நின்று சிரித்தார். கார்த்திக் தோலை மணந்து பார்த்தான்.

"டேய், இது நம்ம நார்த்தங்கா மாதிரியே இருக்குடா. ஊறுகா போட்டா உங்கம்மா சாப்பிடுவாங்க."

மலிவு விமானத்தில் ஆளுக்கொரு சின்னப் பைதான். பைக்குள் பழம் ஏறியதால் உடுப்பெல்லாம் எங்கள்மேல் ஏறியது. நீங்களும் ஒருமுறை மூன்று காற்சட்டையோடு ஜன்னலோர இருக்கையில் இருந்து பாருங்கள். பாவம் எல்லாம் கழன்றுபோகும்.

அம்மா உப்பும் மிளகாய்த்தூளும் போட்டு ஊறவைத்தார். சில கிழமை கழித்து ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்தார்.

"கசக்குது," என்றார் அம்மா. பிறகு என்னைப் பார்த்தார். "உண்மையாக் கசக்குதடா. கொஞ்சம் சோறு போடு."

சந்தோசத்தில் அழுதுகொண்டே சோறு போட்டேன். அதற்குப் பிறகு அம்மா நன்றாகச் சாப்பிட்டார். எங்கள் சமையலை வாய் ஓயாமல் குறை சொன்னார். புற்றுநோய் வருத்தம் திரும்பி வந்து அவரைக் கொண்டுபோகும்வரை சொன்னார்.

கார்த்திக் ஊருக்குப் போய்விட்டான். வீட்டில் இப்போது அப்பாதான் சமைக்கிறார். கறியில் உப்புக் கூடினாலும் குறைந்தாலும் நானும் அவரும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறோம்.